உறுமியின் காலக்கணக்கு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், தோற்கருவிகளின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தருகிறார். பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை என்று தொடங்கும் அந்த வரிசையில் நாழிகைப்பறை என்ற பெயரும் வருகிறது. பொழுதை ஊருக்கு அறிவிக்க முழக்கிய பறை அது. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு வியப்பு எழுவதுண்டு. ஒரு காலத்தில் பறை முழங்கி மனிதர்கள் நேரத்தை அறிந்தார்கள். இன்று பறை அடிப்பவரின் காதில் செவிபேசியை மாட்டி, ‘டிக் டிக்’ என்று கடிகாரம் சொல்லும் நேரத்திற்கு அவரை அடிக்கச் சொல்கிறோம். யார் யாருக்கு நேரம் சொல்வது என்பது இடையில் எங்கோ தலைகீழாகிவிட்டது.

அது எங்கே நடந்தது என்று தேடினால் சில ஆண்டுகள் கிடைக்கின்றன. 1815இல் மெல்செல் என்பவர் ஊசலாடும் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை யோசனை ஆம்ஸ்டர்டாமில் இருந்த விங்கெல் என்பவருடையது. 1983இல் மிடி என்ற பொது மொழி வந்து, ஒரு நிறுவனத்தின் விசைப்பலகையும் மற்றொரு நிறுவனத்தின் தாளப் பெட்டியும் ஒரே துடிப்பில் ஓடத் தொடங்கின. 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி இசையைக் கையாண்டது அன்று தமிழகத்தில் பெரிதும் பேசப்பட்டது. அதன்பின் சீக்வென்சர் நம் திரையிசையின் முதுகெலும்பாகவே ஆயிற்று. நடத்துநரின் கையசைவைப் பார்த்து வாசித்த தலைமுறை போய், காதுக்குள் ஒலிக்கும் கிளிக்கைக் கேட்டு வாசிக்கும் தலைமுறை வந்தது. இதில் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. எங்களுக்கு வாய்த்த ஒரு சிறிய வேலையைப் பற்றி, அதில் நாங்கள் கேட்டறிந்ததைப் பற்றி எழுதலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

வேலை இதுதான். கிளிக் எதுவும் இல்லாமல், தன் போக்கில் வாசிக்கப்பட்ட ஒரு நையாண்டி மேளப் பதிவுக்கு, சீக்வென்சரின் காலக்கட்டத்தைப் பொருத்த வேண்டும். மேளத்தைக் கட்டத்துக்குள் தள்ளுவதல்ல. கட்டத்தை மேளத்துக்கேற்ப வளைப்பது. இந்த வளைந்த கட்டத்தைத்தான் துறையினர் ‘டெம்போ மேப்’ என்கிறார்கள். நாங்கள் எங்களுக்குள் கால வரைபடம் என்று சொல்லிக்கொண்டோம்.

*

சீக்வென்சருக்குத் தெரிந்த காலம் மிக எளிமையானது. நிமிடத்துக்கு இத்தனை அடி என்று ஓர் எண் கொடுத்தால் போதும். மிடி கோப்புக்குள் அந்த எண் ஓர் அடிக்கு எத்தனை மைக்ரோ நொடி என்று எழுதப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 500,000 மைக்ரோ நொடி. அந்த எண்ணை மாற்றாதவரை முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் இடையே உள்ள தூரமும், ஆயிரமாவது அடிக்கும் அதற்கடுத்த அடிக்கும் இடையே உள்ள தூரமும் இம்மியளவும் மாறா.

மனிதக் கைக்கு இது கூடாத காரியம். மேளக்காரர்கள் இதை விரும்புவதும் இல்லை. இயந்திரம் 120இல் ஓடும்போது மேளக்காரர் 121இல் வாசித்தால், அந்த வேறுபாட்டை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. ஆனால் ஒரே நிமிடத்தில் இருவருக்கும் இடையே முழுசாக ஓர் அடி இடைவெளி விழுந்துவிடும். பதினோரு நிமிடம் ஓடும் ஒரு கொட்டில் இது எங்கே கொண்டு விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, மேளக்காரர் ஒவ்வொரு சுற்றையும் எந்தக் கணத்தில் தொடங்குகிறார் என்று பார்த்து, அந்தந்த இடத்தில் சீக்வென்சரின் எண்ணை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அப்படிப் போட்ட எண்களின் தொகுப்புதான் கால வரைபடம். திரையில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. வைப்பாற்றுக் கரையில் நின்று கரிசல் காட்டைப் பார்த்தால் தட்டையாகத் தெரியும். நடந்து பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் காலுக்குத் தெரியும். அதுபோல.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. சிவகாசி வட்டாரமே காலத்தைச் செய்து விற்று வாழும் வட்டாரம். ஒரு பக்கம் நாட்காட்டி. நாளைத் தாளாக்கி, கிழித்தெறிய வசதியாகத் தைத்துக் கொடுக்கிறோம். மறுபக்கம் திரி, தீ வைத்த கணத்துக்கும் வெடிக்கும் கணத்துக்கும் இடையே உள்ள நேரத்தைத் தாளுக்குள் சுருட்டி வைக்கிறோம். சரவெடி வெடித்த காலத்தில், அதன் தாளத்தைக் காதால் அளந்தே திரியின் தரத்தைச் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். ஒன்றோடொன்று கோத்த சரவெடிகளுக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சத்தம் இங்கே இன்னும் பலருக்கு மனதில் இருக்கிறது. சரத்தின் வெடிகள் ஒரே சீராக வெடிப்பதில்லை. நெருங்கும், விலகும், ஓரிடத்தில் தயங்கிப் பின் அள்ளிக்கொட்டும். ஆனாலும் அது தப்பாகக் கேட்காது.

*

பதிவு நடந்தது 2023 மாசி மாதம். விருதுநகரிலிருந்து ஆமத்தூர் செல்லும் சாலையில் ஒரு பருப்புக் கிட்டங்கி. ஒலிப்பதிவுக்குக் கிட்டங்கியா என்று கேட்கலாம். மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு அடுக்கிய துவரம்பருப்பு மூட்டைகளைப் போல எதிரொலியை விழுங்கக்கூடிய சுவர் எங்கள் கைக்கு எட்டிய விலையில் வேறெங்கும் இல்லை.

மேளத்தில் நால்வர். உறுமி, தவில், பம்பை, தாளம். உறுமி வாசிப்பவர் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். மற்ற மூவரும் அவரை அண்ணன் என்று அழைப்பவர்கள். அவர் வலது தோள்பட்டை அந்த ஆண்டு அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. பங்குனிப் பொங்கலுக்குப் பிறகு உறுமியைத் தோளில் மாட்டப் போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நையாண்டி மேளத்துக்கு நாதசுரம் உயிர். ஆனால் அவரோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்த நாதசுரக்காரர் முகூர்த்த நாட்கள் முடியும்வரை வர இயலாத நிலை. அதுவரை பெரியவரின் தோள் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. எனவே முதலில் கொட்டைப் பதிவு செய்வது, பின்னர் நாதசுரத்தை அதன்மேல் சேர்ப்பது என்று முடிவாயிற்று. பெரியவரின் பேரனுக்கு அப்போது பதினான்கு வயது. அவன் பழகுவதற்குத் தாத்தாவின் கை ஒரு பதிவிலாவது முழுசாக இருக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் அடிப்படை.

இயந்திரம் எங்கே உள்ளே வருகிறது என்ற கேள்வி இயல்பானது. சுருதி, பின்னர் சேரவிருந்த ஒத்து, பயிற்சிக்காக வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி, சுற்று எண்ணைச் சொல்லி ‘எழுபதாவது சுற்றிலிருந்து வாசி’ என்று சிறுவனுக்குக் காட்டும் வசதி. இவை எல்லாவற்றுக்கும் சுற்றுகள் எங்கே தொடங்குகின்றன என்பது கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரியவரின் காதில் கிளிக்கை மாட்டி வாசிக்கச் சொல்லியிருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது. அதைப் பற்றி அவரிடம் விளக்கியபோது அவர் செவிபேசியைக் கையில் வாங்கி, சற்று நேரம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது யாருக்கும் காத்திருக்காது போலயே தம்பி” என்றார்.

அதன்பின் நாங்கள் அதை எடுக்கவில்லை.

*

கையில் பதினோரு நிமிடப் பதிவு. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 108 அடி, முடிவில் 140. இந்த ஏற்றம் தவறி நேர்ந்ததல்ல. கருநாடக இசையில் காலப்பிரமாணம் பிசகாமல் நிற்பது பெருமை. நையாண்டியில் ஆட்டக்காரரைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவது பெருமை. கேரளத்துப் பஞ்சாரி மேளத்தில் சுற்றின் நீளம் 96, 48, 24, 12, 6 என்று ஐந்து காலங்களில் பாதி பாதியாகக் குறைய, வேகம் ஏறிக்கொண்டே போகும். அங்கே ஏற்றத்துக்கு ஏட்டில் எழுதக்கூடிய கணக்கு உண்டு. இங்கே ஏற்றம் ஆட்டக்காரரின் முகத்தைப் பார்த்து நடக்கிறது.

முதலில் வேலையை மென்பொருளிடமே ஒப்படைத்துப் பார்த்தோம். இன்று பெரும்பாலான ஒலித்தொகுப்பு மென்பொருள்களில் அடியைத் தானே கண்டறியும் வசதி இருக்கிறது. மேற்கத்திய டிரம்ஸ் என்றால் சில நொடிகளில் சரியாகவே செய்துவிடும். நையாண்டியில் அது மூன்று இடங்களில் தடுமாறியது. அந்தத் தடுமாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு பாடம் என்பதால் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, உறுமியின் இயல்பு. இடை சிறுத்த இந்தக் கருவிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தில் மெல்லிய குச்சியால் அடிக்கிறார்கள். மற்றதில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில்தான் கருவிக்குப் பெயர் தந்த உறுமல் பிறக்கிறது. மென்பொருள் தேடுவது திடீரென்று எழும் ஒலிமுனையை. தேய்ப்புக்கு முனை இல்லை. எங்கிருந்தோ கிளம்பி, வீங்கி, வளைந்து இறங்கும் ஒலி அது. தாளத்தின் கனமான இடத்தையே அந்த உறுமல் தாங்கி நிற்க, மென்பொருளோ அந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று கருதி அடுத்த சிறு தட்டலைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு, திஸ்ரம். நையாண்டியின் நடை பெரும்பாலும் தகிட, தகிட. நிமிடத்துக்கு 126 அடி, அடிக்கு மூன்று துடிப்பு என்றால் மொத்தம் 378 துடிப்பு. நான்கையும் இரண்டையும் வைத்துப் பழகிய மென்பொருள் அதை இரண்டிரண்டாகக் கூட்டி 189 என்றது. சில இடங்களில் நான்கு நான்காகக் கூட்டித் தொண்ணூற்று நாலரை என்றது. எண்ணிக்கையில் பிழையில்லை, எண்ணத் தெரியாததுதான் பிழை.

மூன்று, ‘ஒன்று’ எங்கே இருக்கிறது என்பது. தவில்காரர் சமத்தில் எடுக்கவில்லை. அனாகதமாக, சற்றுத் தள்ளி எடுத்தார். மென்பொருளுக்கு முதலில் கேட்ட உரத்த அடிதான் ஒன்று. அங்கிருந்து எண்ணத் தொடங்கி, முந்நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகளையும் அது ஒரே அளவில் தள்ளி வைத்துவிட்டது. பெரியவரிடம் ஒன்று எங்கே என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“ஒண்ணு சத்தத்துல இருக்காது தம்பி. ஆடுறவங்க கால்ல இருக்கும். நாங்க அதைச் சுத்தித்தான் கொட்டுறது.”

அன்று ஆட்டக்காரர் யாரும் இல்லை. ஆனால் பதிவின்போது பக்கத்தில் வைத்திருந்த கைபேசியின் படத்தில் பெரியவரின் இடது கால் தெரிந்தது. குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குதிகாலைப் பார்த்துத்தான் சுற்றுகளின் தொடக்கத்தை ஒவ்வொன்றாகக் குறித்தோம். மாத்திரை என்ற கால அளவைக் கண்ணிமைப்பதையும் கை நொடிப்பதையும் கொண்டு விளக்கிய தொல்காப்பியருக்கு இந்த அளவுகோல் அந்நியமாகத் தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொண்டோம்.

குறியிடுவதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் குறி வைக்கலாம். அப்படி வைத்தால் கட்டமும் கொட்டும் ஒன்றாகிவிடும். கட்டத்தோடு ஒப்பிட்டு முந்தி வருகிறது, பிந்தி வருகிறது என்று சொல்வதற்கே இடம் இருக்காது. தகிடவின் நடு எழுத்தைப் பெரியவர் சற்றே இழுத்து வைப்பார். அந்த இழுப்பில்தான் அவர் கை என்று அடையாளம் தெரியும். அதைக் காலத்தின் மாற்றமாக எழுதிவிட்டால், அது அவருடைய நடையாக இராது, வெறும் எண்ணாகிவிடும். ஆகவே நான்கு தகிட கொண்ட ஒரு சுற்றுக்கு ஒரே குறி. இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைந்த அந்த இடைவெளிக்குள் நடப்பது அவர் பாடு. அதில் இயந்திரம் தலையிட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டருக்கு மூன்று மில்லி நொடி. வானத்தில் பூத்த வெடியின் ஒளிக்கும் ஓசைக்கும் இடையே எண்ணித் தூரம் சொல்லும் விளையாட்டு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. உறுமிக்கும் தவிலுக்கும் நான்கு மீட்டர் தூரம் என்றால், பெரியவர் கேட்டது பன்னிரண்டு மில்லி நொடிக்கு முந்திய தவிலை. தவில்காரர் கேட்டது அதே அளவு பழைய உறுமியை. ஒரே மேளத்துக்குள் நால்வருக்கும் நான்கு ‘இப்போது’. எதைச் சரியான நேரம் என்று கொள்வது? உறுமியருகே வைத்த ஒலிவாங்கியின் நேரத்தையே கொண்டோம். அண்ணன் என்று மற்றவர்கள் யாரை அழைக்கிறார்களோ அவருடைய நேரம்தான் அந்த மேளத்தின் நேரம்.

*

மூன்று வார மாலைப்பொழுதுகளில் வரைபடம் முடிந்தது. சுருதியையும் ஒத்தையும் சேர்க்க மதுரையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றோம். அங்கிருந்த பொறியாளர் திறமையானவர். எங்கள் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார். 108இலிருந்து 140 வரை ஏறும் கோட்டை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த ஏற்றத்தில் ஐந்து இடங்களில் பள்ளம் இருந்தது. 126 இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுற்று 119. அதே வடிவம் இன்னும் மூன்று இடங்களில். ஐந்தாவது, ஒரே ஒரு சுற்று மட்டும் 128இலிருந்து 118க்கு இறங்கி உடனே ஏறியிருந்தது.

இவற்றை நேராக்கிவிடலாம் என்றார் அவர். வயதானவர், தோள்வலி, இயல்புதானே என்றார். அவர் சொன்னதில் இளக்காரம் இல்லை. ஒருவரின் தளர்ச்சியை உலகுக்குக் காட்டாமல் மறைத்துக் கொடுப்பது மரியாதை என்ற எண்ணம்தான். கருவியும் அவர் கையில் இருந்தது. கால் மணி நேர வேலை. நாதசுரக்காரர் வந்து கேட்கும்வரை எதையும் தொட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். இல்லாத ஒருவருக்காக வாசிக்கப்பட்ட கொட்டை அந்த ஒருவர் கேட்காமல் திருத்துவது முறையல்ல என்பதைத் தவிர எங்களிடம் அப்போது வேறு வாதம் இல்லை.

நாதசுரக்காரர் சித்திரையில் வந்தார். எங்கள் வரைபடத்திலிருந்து பிறந்த கிளிக்கையும் கொட்டையும் சேர்த்து அவர் காதில் ஒலிக்கவிட்டோம். ஒரு நிமிடம் கேட்டார். “அந்த டிக்கை எடுத்துருங்க. அண்ணன் மட்டும் போதும்” என்றார். எடுத்துவிட்டோம். சீவாளியை வாயில் வைத்துத் தொடங்கினார்.

ஏழாவது நிமிடத்தை ஒட்டி, எங்கள் வரைபடத்தில் முதல் பள்ளம் வரும் இடம். நாங்கள் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீளமாக இழுத்து வந்த ஒரு பிடியை முடித்து, அவர் மூச்சை எடுத்தார். கோடு பள்ளத்தில் இறங்கியது. அடுத்த பிடியை அவர் எடுக்கவும் கோடு மேட்டில் ஏறியது. பிறகு இரண்டாவது பள்ளம், மீண்டும் மூச்சு. மூன்றாவது. நான்காவது.

வாசித்து முடித்ததும் அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நான் இல்லாதப்பவும் எனக்கு மூச்சுக்கு இடம் விட்டு வச்சிருக்காரு.”

126க்கும் 119க்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு சுற்றுக்குக் கணக்குப் போட்டால் மொத்தம் கால் நொடிகூட இல்லை. வழக்கமாகக் கிடைக்கும் இடைவெளியோடு அந்தக் கால் நொடியும் சேர்ந்தால்தான், அறுபதைத் தாண்டிய ஒருவரின் நுரையீரல் அடுத்த நீண்ட பிடிக்கு நிரம்பும். சமீப ஆண்டுகளில் நாதசுரக்காரருக்கு மூச்சு முன்போல நிற்பதில்லை. அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. உறுமிக்காரர் அதைக் கேட்டறிந்து, எந்தப் பிடிக்குப் பின் எவ்வளவு தேவை என்பதைக் கையில் வைத்திருந்தார். வெற்றுக் கிட்டங்கியில், நாதசுரம் இல்லாத பாட்டை உள்ளுக்குள் முணுமுணுத்தபடி, அதே இடங்களில் அதே அளவு காத்திருந்தார். பொறியாளர் தம் செவிபேசியைக் கழற்றி வைத்துவிட்டு, “இதை நான் தொட மாட்டேன்” என்றார்.

*

ஐந்தாவது பள்ளம் எஞ்சியிருந்தது. அந்த இடத்தில் நாதசுரக்காரர் மூச்செடுக்கவில்லை. பிடியின் நடுவே அது தடுக்கியது. அதற்கு விளக்கம் எங்களுக்குப் பதிவு நடந்த அன்றே தெரியும்.

அன்று ஒன்பதாவது நிமிடத்தில் தெற்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கதவு சாத்தியிருந்தும் ஒலிவாங்கிகள் நான்கிலும் அது மெலிதாகப் பதிந்திருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சற்றுச் சொல்ல வேண்டும். வெடிச் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. திருவிழாவில் கேட்கும் வேட்டு வேறு, சாதாரணப் பகலில் ஆலைகள் இருக்கும் திசையிலிருந்து எழும் ஒற்றைச் சத்தம் வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். இடையிலும் பின்னரும் நாளிதழின் உள்பக்கத்தோடு முடிந்துபோனவை பல. பகலில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் இங்கே தேநீர்க் கடையில் ஆற்றும் கை நிற்கும். அச்சகத்தில் தாளை அடுக்கும் கை நிற்கும். ஒவ்வொருவரும் தம் வீட்டு ஆள் எந்த ஆலையில், எந்த அறையில் என்று ஒரு கணம் நினைத்துப் பார்ப்பார்கள்.

பெரியவரின் மகன் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறையில் வேலை செய்பவர்.

அந்தக் கணத்தில் பெரியவரின் கை நிற்கவில்லை. ஓர் அடி மட்டும் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு நீண்டது. அடுத்த அடியில் தாளத்துக்குள் திரும்பிவிட்டார். தவில்காரர் கதவைப் பார்த்தார். ஆனால் கொட்டு தொடர்ந்தது. இன்னும் இரண்டு நிமிடம், 140 வரை ஏற்றி, தீர்மானம் வைத்து முடித்தார்கள். முடிந்ததும் நால்வரும் கைபேசியை எடுத்தார்கள். கல்குவாரி வெடி என்று தெரிந்தது. பெரியவர் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

வரைபடத்தில் பார்த்தால் 119ஆம் 118ஆம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே கோட்டில் ஒரே மாதிரிப் பள்ளங்கள். ஒன்று தோழனின் மூச்சுக்குக் கொடுத்த இடம். மற்றொன்று மகனை நினைத்து நின்றுபோன நெஞ்சு. இயந்திரத்தின் கணக்கில் இரண்டும் ‘விலகல்’. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய எந்த வழியும் இல்லை. இன்று பதிவிலிருந்து தவிலையும் உறுமியையும் தனித்தனியே பிரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்கூட வந்துவிட்டன. அவை இன்னும் துல்லியமாக அளக்கும். அளவு எத்தனை துல்லியமானாலும், அந்தப் பள்ளம் என்ன என்று சொல்ல அங்கே இருந்த ஒருவர் வேண்டும்.

பேரன் பழகப்போகும் பிரதியில் இந்த ஐந்து இடங்களையும் என்ன செய்வது என்று பெரியவரிடமே கேட்டோம். திரையில் கோட்டைக் காட்டினோம். படிப்பறிவு அதிகம் இல்லாதவர். ஆனால் கோட்டை விரலால் தொடர்ந்து வந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இடத்துப் பாட்டை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நான்கையும் தாண்டி ஐந்தாவதில் விரல் நின்றது.

“அந்த நாலும் கொட்டு. அதைத் தொடாதீங்க. பய அதைத்தான் படிக்கணும்” என்றார். பிறகு ஐந்தாவதைக் காட்டி, “இது கொட்டு இல்ல தம்பி, பயம். இதைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். நேர் பண்ணிருங்க” என்றார்.

நேராக்கினோம். நீண்டுபோன ஓர் அடியைச் சுருக்கி 128இல் நிறுத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திருத்தாத மூலப் பதிவைத் தனியே வைத்திருக்கிறோம். அதில் ஐந்து பள்ளமும், தெற்கிலிருந்து வந்த அந்தச் சத்தமும் அப்படியே இருக்கின்றன. வரைபடம் இன்னொரு கோப்பு. வேண்டும்போது மூலத்தின்மேல் வைக்கலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம்; எடுத்துவிட்டால் மூலத்தில் அதன் சுவடு ஏதும் இருக்காது. இப்படிப்பட்ட வேலையில் இறங்கும் நண்பர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: வரைபடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதுங்கள், மூலத்தை வாசித்தவரைக் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

பெரியவர் சொன்னபடியே அந்தப் பங்குனியோடு உறுமியை இறக்கி வைத்துவிட்டார். இப்போது பேரன் வாசிக்கிறான். முதலில் எழுபது விழுக்காடு வேகத்தில் பதிவை ஓடவிட்டுப் பழகினான், பிறகு எண்பது, பிறகு முழு வேகம். போன ஆடியில் இருக்கன்குடிக்குப் போகும் வழியில் ஒரு முளைப்பாரி ஊர்வலத்தில் அவன் வாசிப்பதைக் கேட்டோம். அன்று நாதசுரம் வாசித்தவர் வேறொருவர், இளைஞர், நீண்ட பிடிகளை ஒரே மூச்சில் இழுக்கக்கூடியவர். அவருக்குக் கால் நொடி தேவையில்லை. பையன் முதல் பிடிக்குப் பின் தாத்தாவைப் போலவே சற்றுக் காத்திருந்தான். நாதசுரம் காத்திருக்காமல் எடுத்துக்கொண்டது. இரண்டாவது பிடிக்கு அவன் கை காத்திருக்கவில்லை; நாதசுரக்காரரின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே, அவர் எடுக்கும் கணத்தில் உறுமியை இழுத்தான்.

பதிவில் இல்லாத ஒன்றை அவன் எங்கே படித்தான் என்று பெரியவரிடம் கேட்டோம். “அதுதான அதுல இருக்கு” என்றார்.